நாக்கில் பட்ட ஓடு

உடைந்த பானை ஓட்டின் விளிம்பை நாக்கு நுனியால் ஒற்றிப் பார்ப்பது அந்தத் தொல்லியல் ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான். ஈரம் பட்டால் மண்ணின் நிறம் தெளிவாகத் தெரியும். சரியாக வேகாத ஓடு நாக்கில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அவளைப் போல ஒன்று விடாமல் யாரும் நக்கியதில்லை. 'ருசியக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இடைக்காலச் சூளை ஒன்றிலிருந்து தோண்டிய ஓடுகள் தட்டுத் தட்டாக வந்ததும், அக்காவுக்கு விருந்து என்று கேலி வேறு.

அவளுக்கு இது மூன்றாவது மாதம். முன்பு இரண்டு கலைந்து போயிருந்தன. வெளியில் சொன்னால் இதுவும் கைநழுவிவிடுமோ என்று கணவனைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. படித்தவளுக்கு மட்டும் பயம் வேறு மாதிரியா வரும்?

காலையில், ஓடுகளைச் சோதிக்கும் மெஷின் அறைத் தம்பி திரையைத் திருப்பிக் காட்டினான்.

"அக்கா, அந்த ஓட்டு மேல பூசியிருக்கற பச்சை மெருகு சாம்பல்ல ஆனது இல்ல. பாதிக்குப் பாதி ஈயம். மேல வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சிருக்கே, அதுவும் ஈயம்தான். இனிமே வாயில வைக்காதீங்க."

சாம்பல் மெருகு என்று அடித்துச் சொன்னவளே அவள்தான்.

"வச்சா என்ன ஆகும்?"

"நமக்கு ஒண்ணும் பெருசா ஆகாது. குழந்தைங்க, மாசமா இருக்கறவங்கதான் பாத்துக்கணும்."

அவள் குழாயடிக்கு ஓடினாள். உதடு எரியும்வரை வாயைக் கழுவினாள். பிறகு கணவனைக் கூப்பிட்டாள்.

"ரத்தம் டெஸ்டுக்குக் கொடுத்துடலாம். ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன், வா," என்றான். அவன் திட்டாததுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

மறுநாள் மதியம் டாக்டரம்மா அழைத்தார். "ரத்தத்துல ஈயம் கொஞ்சம் இருக்கு. பயப்படற அளவுக்கு இல்ல. இதுக்கு மேல உள்ள போகாம பாத்துக்கங்க."

போன உயிர் திரும்பி வந்தது. கழிவறையில் நின்று அழுதுவிட்டு, தட்டுகளை ஒதுக்கி வைக்க மேசைக்கு வந்தாள். பானையின் சின்ன வாய்விளிம்புத் துண்டு ஒன்று கண்ணில் பட்டது. உள்மண் சிவப்பா, கறுப்பா? எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"அக்கா," என்றான் தம்பி, மெதுவாக.

உதட்டில் சில்லென்றிருந்தது. ஓடு எப்போது வாய்வரை வந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அதைக் கீழே வைத்தாள். தன் கையைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"நான் மாசமா இருக்கேன் தம்பி. இதையெல்லாம் பூட்டிச் சாவிய நீயே வச்சுக்க. நான் கெஞ்சிக் கேட்டாலும் கொடுக்காத."