பத்து லட்சத்து மூன்று

கிளியூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த நல்லமுத்துவுக்குக் கல்யாணமாகி மூன்றாம் மாதம் கால் முறிந்தது. அறுபத்தெட்டாம் வருஷத்து ஆடி மழை. ஈரப்பாறையில் சறுக்கி விழுந்தவனைச் சேலத்துக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் நடக்கக் கூடாதென்று அனுப்பிவிட்டார்கள்.

மனைவி மருதாயி காப்பித் தோட்டத்தில் களை வெட்டப் போனால் சாயங்காலம்தான் வருவாள். இருவருக்குள்ளும் கூச்சம் இன்னும் விலகவில்லை. சோறு போடட்டுமா, தண்ணீர் வேண்டுமா என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

படுத்துக் கிடந்த அலுப்பில், பள்ளிக்கூட நாளிலிருந்தே மனதில் இருந்த ஒரு கேள்வியை அவன் கையில் எடுத்தான். பத்து லட்சத்து மூன்று பகா எண்தானா? ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணா? பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வகுக்க ஆரம்பித்தான்.

நாலாம் நாள் மருதாயி என்னவென்று கேட்டாள். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம். அதனால் இந்த எண் வகுபடுமானால், வகுக்கும் எண்களில் ஒன்று ஆயிரத்துக்குள் இருந்தே ஆக வேண்டும். ஆயிரத்துக்குள் பகா எண்கள் நூற்று அறுபத்தெட்டு. அவற்றால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். புரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டான்.

நூற்றுப் பன்னிரண்டாவது எண் அறுநூற்றுப் பதின்மூன்று. அதால் மீதியில்லாமல் வகுபட்டுவிட்டது. ஈவு ஆயிரத்து அறுநூற்று முப்பத்தொன்று. பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று நம்பியிருந்த அவன், அன்று சாயங்காலம் மருதாயி வந்தபோது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். தாள்களை அடுப்பில் போட்டுவிடச் சொன்னான்.

அவள் போடவில்லை. விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கரித்துண்டால் தரையில் எழுதினாள். எட்டாவது வரை படித்தவள். அதை அவன் கேட்டதுமில்லை, அவளாகச் சொன்னதுமில்லை.

"ஏனுங்க, ரெண்டையும் பெருக்குனா இருநூறு கொறையுதுங்க" என்றாள்.

அவன் தாளை வாங்கிப் பார்த்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதிலிருந்து ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தொன்பதைக் கழித்த இடத்தில் எண்பத்தொன்று வந்திருக்க வேண்டும். அறுபத்தொன்று என்று எழுதியிருந்தான். அதை அடித்துத் திருத்திவிட்டு நிமிர்ந்தான்.

"மிச்சம் அம்பத்தாறு இருக்குது. பாதி நீ போடறயா?"

"நீங்க போட்டத நான் பாக்கறனுங்க. நான் போட்டத நீங்க பாருங்க."

அதன்பிறகு சாயங்காலங்களில் அந்த வீட்டில் பேச்சு நிற்கவேயில்லை. வகுத்தல் பாதி, அவள் பிறந்த ஆத்தூரின் கதைகள் பாதி. கட்டுப் பிரிப்பதற்கு இரண்டு நாள் முன்பு கடைசி எண்ணான தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழால் வகுத்தார்கள். மீதி பன்னிரண்டு. எதாலும் வகுபடவில்லை. மருதாயி இன்னொரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தாள்.

சேலத்தில் ஒரு காலேஜ் வாத்தியாருக்கு நல்லமுத்து கடிதம் எழுதினான். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அது பகா எண்தான் என்றும், வெகுகாலத்துக்கு முன்பே அட்டவணைகளில் அச்சாகிவிட்டது என்றும் மரியாதையாக எழுதியிருந்தார்.

வாசித்துக் காட்டியபோது அவன் குரல் இறங்கிவிட்டது. மருதாயி கடிதத்தை வாங்கி மறுபடி படித்தாள்.

"அப்ப நாம சரியாத்தானுங்க போட்டிருக்கறோம்" என்றாள்.

அவன் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான். அடுத்து எந்த எண்ணை எடுக்கலாம் என்று அவளைக் கேட்டான்.