முழுக்கைச் சட்டை

தாம்பரத்து டிரஸ்டிலிருந்து வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்றதும் நான் செய்த முதல் காரியம், எதிர்வீட்டுக் கனகவல்லி அக்காவிடம் நாலு நாற்காலி இரவல் வாங்கியது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். கஷ்டப்படுகிறோம், உதவி செய்யுங்கள் என்று மனு எழுதிக் கொடுத்தவள் நான்தான். அந்த வீட்டைக் கல்யாண வீடு மாதிரி ஜோடித்து வைத்தவளும் நான்தான்.

என் வீட்டுக்காரர் அன்பு திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் ஆடி மாதம் மெஷின் அவர் வலது கையில் மூன்று விரலை எடுத்துக்கொண்டது. அதோடு வேலையும் போனது. சின்னக் கிரைண்டரில் மாவு அரைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு நாள் அதுவும் புகைந்து நின்றுவிட்டது. கடைகளுக்குப் போடுகிற அளவுக்குப் பெரிய கிரைண்டர் டிரஸ்டில் கொடுப்பார்கள் என்றார்கள். வந்தால் பொழிச்சலூரிலேயே பிழைத்துக்கொள்ளலாம். வராவிட்டால் எங்கள் மகள் ரேஷ்மாவின் பத்தாம் வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, மதுராந்தகத்தில் அண்ணன் வீட்டில் அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட வேண்டும்.

"வூடு கீற மாதிரியே இருக்கட்டும் காந்தி. அதப் பாக்கத்தானே வர்றாங்க?" என்றார் அவர்.

"டீச்சரம்மா வர்றாங்க. தரையிலயா குந்த வெக்கிறது?" என்று பாய்ந்தேன்.

பாய்ந்த கையோடு பெட்டியிலிருந்து அவருடைய முழுக்கைச் சட்டையை எடுத்தேன். எங்கள் கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்தது. அவர் இளைத்துவிட்டதால் தொளதொளவென்று இருக்கும். கை மணிக்கட்டைத் தாண்டித் தொங்கும்.

"இதப் போட்டுக்கோங்க. கைய வெளிய நீட்டிகினு இருக்காதீங்க."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு பட்டன் போட்டுவிடச் சொன்னார்.

ஜோசலின் டீச்சர் ரிட்டயர் ஆனபிறகு டிரஸ்டுக்காக வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவர். கனகவல்லி அக்காவின் பூப்போட்ட கப்பில் காபி கொடுத்தேன், தட்டில் முறுக்கு வைத்தேன். மனுவில் 'கணவருக்கு வேலையில் அடிபட்டுவிட்டது' என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். விரல் போனதை எழுத மனசு வரவில்லை.

"சாருக்கு இப்ப எப்படி இருக்கு? வேலைக்குப் போறாரா?" என்று கேட்டார் டீச்சர்.

அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல் விமானம் ஒன்று போனது. சத்தம் அடங்கும்வரை எல்லோரும் பேசாமல் இருந்தோம். அது அடங்குவதற்குள் எனக்குப் பொய் கிடைத்துவிட்டது.

"இப்ப லீவுல இருக்காரு டீச்சர். சீக்கிரம் கூப்ட்டுக்குவாங்க."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். காபி அவர் முன்னால் ஆறிப்போய் ஏடு கட்டியது.

நாலாம் நாள் டீச்சர் போன் செய்தார். "உங்க வீட்டைப் பார்த்ததுல சந்தோஷம்மா. சாரும் வேலைக்குத் திரும்பப் போறார்னு சொன்னீங்க. பம்மல்ல ரொம்பக் கஷ்டப்படுற குடும்பம் ஒண்ணு இருக்கு. கிரைண்டரை அவங்களுக்குக் கொடுக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம்."

அன்றைக்கு நான் அழுதது கிரைண்டருக்காக மட்டும்தான். வெட்கமெல்லாம் எனக்கு மறுநாள்தான் வந்தது.

மறுநாள் தாம்பரம் போனேன். டிரஸ்ட் ஹாலில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கக்கூட எனக்கு வாயில்லை. அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்.

"சேரு எதிர்வூட்டுது டீச்சர். கப்பும் அவங்களுதுதான். அவருக்கு மூணு வெரலு இல்ல. இனிமே பட்டறையில கூப்புட மாட்டாங்க. நான்தான் மறைச்சேன்."

காது இரண்டும் சுட்டது. டீச்சர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார் காபியைத் தொடவே இல்லை. நானாவது கேட்டிருக்கணும்," என்றார். "அடுத்த மாசம் இன்னொரு கிரைண்டர் வருது. நாளைக்கு வீட்டுக்கு வர்றேன். சேர் வேண்டாம்."

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் பனியனோடு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"காந்தி, இன்னிக்கு எந்தச் சட்ட? முழுக்கையா, அரைக்கையா?"

குத்தலாகக் கேட்டிருந்தால் நானும் எதையாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார். வீட்டைப் பார்த்து நான் வெட்கப்பட்டதாகத்தான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, இவரைப் பார்த்துத்தான் வெட்கப்பட்டிருக்கிறேன். அது இவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அரைக்கைச் சட்டையை எடுத்து மாட்டிவிட்டேன்.

சொன்னபடி கிரைண்டர் வந்தது. இப்போது பதினோரு கடைக்கு எங்கள் மாவு போகிறது. ரேஷ்மா பிளஸ் ஒன் படிக்கிறாள். அரிசி கழுவுவது, அரைப்பது, பாக்கெட் கட்டுவது எல்லாம் அவர்தான். இடது கையிலேயே பழகிவிட்டார்.

ஆனால் வாசலில் யாராவது "அண்ணா, மாவு" என்று கூப்பிட்டால் முதலில் உள்ளே போய் அந்த முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்கிறார். ஒற்றைக் கையால் பட்டன் போட நேரமாகிறது. வந்தவர்கள் நிற்கிறார்கள். போன சித்திரை வெயிலிலும் இப்படித்தான். அதெல்லாம் வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். மறைக்கச் சொன்னது ஒரே ஒரு தடவைதான்.