மூன்றாவது காட்லோப்

செத்துப்போன பிள்ளையின் பெயரையே அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கும் வைப்பது அந்தக் காலத்து ஜெர்மன் வழக்கம். தாத்தன் பெயர் விளங்க வேண்டாமா! அந்த வழக்கம்தான் கெசீனா பிராண்ட்ஹோர்ஸ்டின் காலை வாரிவிட்டது.

கெசீனா, ஃபெல்டாவ் ஊர் லுத்தரன் சபையின் ஆவணக் காப்பாளர். பதினெட்டாம் நூற்றாண்டின் அறிவொளிக் காலத்தில் மூலிகைகளுக்கெல்லாம் ஊர் ஊராகப் பெயர் சேகரித்த யோஹான் காட்லோப் ஏர்லிங், அந்த ஊர்க்காரர். இள வயதில் கெசீனா அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினாள். ஞானஸ்நானப் பதிவேட்டில் 1729இல் யோஹான் காட்லோப் என்று கண்டதும், கிடைத்தது பொக்கிஷம் என்று ஏட்டை மூடிவிட்டாள். அவளை நம்பி ஊரும் 1729 என்றே அவர் சிலைப் பீடத்தில் செதுக்கிவிட்டது.

இருபது வருஷம் கழித்து அடக்கப் பதிவேட்டைப் பார்த்தால், அந்தக் குழந்தை இரண்டு வயதிலேயே போய்ச் சேர்ந்திருக்கிறது! 1732இல் இன்னொரு காட்லோப் பிறந்திருக்கிறான். வெட்கம் பிடுங்கித் தின்றது அவளை. அதை ஒரே ஒருவரிடம்தான் சொல்லி அழுதாள். அறிஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுக்கும் அகராதியின் பதிப்பாசிரியர், பேராசிரியர் வோல்க்மார் ஹ்யூல்சிங். ‘நீங்க’ போய் ‘நீ’ வந்து பல வருஷமான சிநேகிதம்.

அவர் தன் சமையலறையில் பிளம் கேக்கை வெட்டி அவள் தட்டில் வைத்தார். “அட, இதுக்குப் போயா அழற? அகராதியில நாம சேர்ந்தே திருத்திடுவோம். உன் பேரு முன்னால, என் பேரு பின்னால. அந்தப் பழைய புத்தகத்தப் பத்தி நான் மூச்சு விடமாட்டேன், போதுமா?”

போதும் என்றுதான் அவள் தன் குறிப்புகளை மொத்தமாகத் தூக்கிக் கொடுத்தாள்.

அகராதி வெளியீட்டு விழா நகரமன்றத்தில் நடந்தது. கெசீனாவின் பையில் ஓர் உறை இருந்தது. இரண்டாவது காட்லோப்பும் 1733இல் அடக்கமானதை அவள் போன வாரம்தான் கண்டுபிடித்திருந்தாள். 1735இல் பிறந்த மூன்றாமவன்தான் நம் அறிஞர். சொல்லலாம் என்று வோல்க்மாருக்கு நான்கு முறை போன் செய்தும் மனிதர் எடுக்கவில்லை. ஒரு திருத்தச் சீட்டாவது ஒட்டச் சொல்லலாமே என்று நகல்களோடு வந்திருந்தாள்.

214ஆம் பக்கத்தைப் பிரித்தாள். ஏர்லிங், பிறப்பு 1732. கீழே வோல்க்மாரின் பெயர் மட்டும். அவள் பெயர்? இருந்தது, பொடி எழுத்தில்: ‘1729 என்ற பிழை, உள்ளூர் எழுத்தாளர் கெ. பிராண்ட்ஹோர்ஸ்ட் பதிவேட்டைச் சரிவரப் படிக்காமல் பரப்பியது.’

அடப்பாவி! அழுதுகொண்டே சொன்னதை அப்படியே அச்சில் ஏற்றிவிட்டானே! இனி ஏர்லிங் பெயர் இருக்கும் வரை, அவர் பிறப்பைத் தப்பாகச் சொன்னவள் என்று அவள் பெயரும் இருக்கும்.

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த வோல்க்மார் அவளைக் கண்டதும் சிரித்தார். “வா கெசீனா! கோவிச்சுக்காதே. பிழை எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லணும்ல? அதுதான் முறை.”

“பதிவேட்ட நேர்ல பாத்தியா?”

“எதுக்கு? உன் குறிப்பு இருக்கையில எனக்கென்ன கவலை!”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கெசீனா உறையைப் பிரித்து நகல்களை அவர் முன்னால் வைத்தாள்.

“அந்த ரெண்டாவது பிள்ளையும் ஒரு வயசுல செத்துப்போச்சு. ஏர்லிங் மூணாவது. நானும் அன்னைக்கு மேற்கொண்டு பாக்காம ஏட்ட மூடினேன். நீங்க ஏட்டையே தொறக்கல, பேராசிரியர் ஹ்யூல்சிங்.”

‘நீங்க’ என்றதும் அவர் நிமிர்ந்தார். “கெசீனா, இத ஏன் முன்னாடியே சொல்லல?”

“நாலு தடவ போன் பண்ணேன்.”

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஜெயித்த மாதிரி அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்தச் சமையலறையும் பிளம் கேக்கும்தான் திரும்பத் திரும்ப நினைவில் வந்தன. ஏர்லிங் சிலையடியில் நின்று, 1729 என்ற எண்ணைப் பார்த்து ஓவென்று அழுதாள்.