பேர் சொல்லி ஏற்றிய மெழுகு

மெழுகுவர்த்தி செய்யச் சோயா மெழுகை மட்டும் ஊற்றினால் கண்ணாடி டம்ளரை விட்டுப் பிரிந்துவிடும். சாதாரண மெழுகுவர்த்தியில் இருக்கும் பாரஃபினைக் கொஞ்சம் கலந்தால்தான் ஒட்டி நிற்கும். அன்றைக்குப் பார்த்து பாரஃபின் தீர்ந்துபோயிருந்தது. என் வீட்டுக்காரர் ஜெரால்ட் ஒரு பை நிறைய மெழுகுத் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். முந்தின நாள்தான் கல்லறைத் திருநாள். பூதலூர்க் கல்லறைத் தோட்டத்தில் பொறுக்கியிருக்கிறார்.

"அறிவிருக்கா உங்களுக்கு? செத்தவங்களுக்கு ஏத்துனது!"

"உருக்குனா எல்லாம் மெழுகுதான், எல்சி."

திட்டிக்கொண்டே உருக்கி, சோயாவோடு கலந்து, டம்ளர்களில் ஊற்றினேன். மறுநாள் மத்தியானம் ஒன்றை ஏற்றிப் பார்த்தேன். அணைந்தது. ஃபேனை நிறுத்திவிட்டு ஏற்றினேன். மறுபடியும் அணைந்தது.

"கல்லறையில பேர் சொல்லித்தானே ஏத்துவோம்? இதுக்கும் ஒரு பேரைச் சொல்லேன்" என்று சிரித்தார் ஜெரால்ட்.

எரிச்சலில் என் பேரையே சொல்லி ஏற்றினேன். "எல்சி."

சுடர் ஆடாமல் நிமிர்ந்து எரிந்தது. அவர் சிரிப்பு நின்றுவிட்டது. மெழுகுவர்த்தியையே பார்த்தபடி மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"போதும் விளையாட்டு" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அணைத்துத் தொலைக்கலாம் என்று குனிந்து ஊதினேன்.

என்னிடம் மூச்சு இல்லை.