ஆறு டிகிரி

கதவைத் திறந்தால் சூடு இறங்கிவிடும் என்று மரியநாயகத்துக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கை ஸ்மோக்கர் பெட்டியின் பிடிக்கே போய்க்கொண்டிருந்தது. உள்ளே கோழிகள் புகையில் வெந்துகொண்டிருந்தன. தங்கை கேத்ரினின் மகள் ஷெரோமி இன்று கோயிலில் முதல் நன்மை வாங்குகிறாள். விருந்துக்குத் தாய்மாமன் கையால் புகைக் கோழி என்று கேத்ரின் தேயிலைத் தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அவன் எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை.

போன கிறிஸ்மஸை அவனால் இன்னும் மறக்க முடியவில்லை. கொழும்பில் ஒரு ஹோட்டல் கழித்துவிட்ட கரண்ட் ஸ்மோக்கரை ஆசையாய் மலைமேல் கந்தப்பளைக்குக் கொண்டுவந்து, லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் கோழி செய்து போட்டான். மேலே பொன்னிறம், எலும்போரம் சிவப்பு. பாதிப் பேருக்கு வாந்தியும் பேதியும். பக்கத்து வீட்டு அழகன் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடந்தார். யாரும் சண்டைக்கு வரவில்லை, அதுதான் அவனைப் பாடாய்ப் படுத்தியது. வழியில் பார்த்தால் சிரிப்பார்கள், அவன் வீட்டுத் தேத்தண்ணியை மட்டும் இப்பத்தான் குடிச்சேன் என்று தள்ளிவிடுவார்கள்.

குற்றம் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பழைய திருகியில் இருந்தது. எங்கே திருப்பி வைத்தாலும் சூடு தன் இஷ்டத்துக்கு ஏறும், இறங்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, எண் காட்டும் கன்ட்ரோலர் ஒன்றைப் பூட்டினான். அதோடு பெட்டிச் சூட்டை அளந்து பார்க்க ஒரு கம்பி, கோழித் தொடைக்குள் குத்திக் கறிச் சூட்டைப் பார்க்க ஒரு கம்பி. கொதிக்கும் தண்ணீரில் வைத்துச் சரிபார்க்கலாம் என்று வீடியோ ஒன்றில் சொன்னார்கள். வைத்தான். தண்ணீர் தளதளவென்று கொதிக்க, எண் தொண்ணூற்று நான்கில் நின்றுவிட்டது. கொதிக்கிற தண்ணீர் நூறு அல்லவா காட்ட வேண்டும்? புதுச் சாமானும் பொய் சொல்கிறதே என்று பதறிப்போய், இரண்டு கம்பிக்கும் ஆறு டிகிரியைக் கூட்டி வைத்தான். மறுபடி வைத்தபோது நூறு காட்டியது. அன்றைக்குத்தான் அவனுக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

இன்று கறிச் சூடு, வெந்ததற்கு அடையாளம் என்று வீடியோவில் சொன்ன எழுபத்தைந்தைத் தொட்டதும் கோழிகளை இறக்கி, தட்டங்களை மூடி, ஆட்டோவில் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தான். பின்கட்டில் மனைவி பெற்றீசியா கடலைப் பானையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவள் பிறந்தது கீழே நோட்டன் பிரிட்ஜில்.

"இந்தக் கடலை இன்னும் வேகலைங்க. எங்க ஊர்லன்னா இந்நேரம் மசிஞ்சிருக்கும். கல்யாணமாகி வந்ததுலேருந்து சொல்றேன், உங்க மலையில தண்ணி சூடாகுறதுக்கு முந்தியே கொதிச்சிருது."

எப்போதும் இதற்கு அவன் ஏதாவது கேலி சொல்வான். இன்றும் வாயெடுத்தான். பானையில் தளதளத்த தண்ணீரைப் பார்த்ததும் அந்தத் தொண்ணூற்று நான்கு நினைவுக்கு வந்தது.

கம்பி பொய் சொல்லவில்லை. இந்த உயரத்தில் தண்ணீர் தொண்ணூற்று நான்கிலேயே கொதித்துவிடும். சரியாக இருந்ததை அவன்தான் கெடுத்திருக்கிறான். எழுபத்தைந்து என்று காட்டியபோது கறி அறுபத்தொன்பதில்தான் இருந்திருக்கிறது. அது போதுமா, போதாதா? அவனுக்குத் தெரியவில்லை. வெந்தும் இருக்கலாம். ஆனால் போன கிறிஸ்மஸ் அன்றும் வெந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தான்.

"என்னங்க, மூஞ்சி வெளுத்திருச்சு?" என்றாள் பெற்றீசியா. அதற்குள் அவன் மண்டபத்துக்குள் ஓடிவிட்டான்.

ஃபாதர் ஜெபத்தை முடித்திருந்தார். வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள், முதல் ஆளாக ஷெரோமி. பெரியவர்கள் சோற்றுப் பக்கமாகவே நின்றார்கள். அழகன் நாற்காலியை விட்டு எழும்பவே இல்லை. கேத்ரினுக்கு அதைப் பார்த்து முகம் சிவந்துவிட்டது.

"பயப்படாதீங்க. எங்கண்ணன் புது மெஷின் மாட்டியிருக்காரு," என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. "இந்தா, மொத கோழிக்கால நானே திங்கிறேன்."

அவள் மூடியைத் தூக்கப் போனாள். மரியநாயகம் அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். மூடி சுட்டது.

"கேத்ரின், செத்த பொறு."

"என்னாண்ணே?"

அழகன் நாற்காலியில் முன்னால் சாய்ந்து பார்த்தார். கேத்ரின் மூடியின் பிடியை விடவில்லை, அண்ணன் முகத்தையே பார்த்தபடி நின்றாள். அவன் கையை எடுக்கவில்லை. இருவருக்கும் நடுவில் ஷெரோமி, நழுவிய முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.