மாஸ்டர் சோதித்த சுங்கான்

பாண்டு வாத்தியார் தான் புகை பிடிக்கிற அந்தச் சுங்கானைக் கொண்டுவந்து கொடுத்தபோது தெளிவாகத்தான் சொன்னார்.

"மரை தேஞ்சுபோச்சு மாஸ்டர். கிண்ணத்தைத் திருகினா நிக்க மாட்டேங்குது, ஆடுது. அதை மட்டும் சரி பண்ணிக் குடுங்க. பத்த வச்சுப் பாக்கணும்னெல்லாம் இல்ல."

அந்தக் கடைசி வாக்கியம் மாஸ்டர் காதில் விழவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நன்றாகவே விழுந்தது. அவர்தான் அதை எடுத்து, பிறகு தேடினாலும் கிடைக்காத இடமாகப் பார்த்து வைத்துவிட்டார்.

தையல்கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போனால் ஒற்றை அறை. அதுதான் மாஸ்டருடைய பட்டறை. சுவர் முழுக்க ட்ரம்பெட், கிளாரினெட், வயிறு நசுங்கிய பெரிய ஊதுகுழல்கள். வாயில் வைத்து ஊதுகிற சாமான் எது கெட்டாலும் அவரிடம்தான் வரும். பொடிப்பொடியான மரை போடும் கருவிகள் அவரிடம் இருப்பது தெரிந்தவர்கள் ஊதாத சாமானையும் கொண்டுவருவார்கள். ஆகவே சுங்கான் வந்ததில் அதிசயம் எதுவும் இல்லை. வந்த நாள்தான் சரியில்லை. மறுநாள் அவர் மனைவி வேலைக்குத் திரும்புவதாக இருந்தாள்.

இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆகவேண்டும். சாக்ஸபோனில் ஒவ்வொரு துளைக்கும் தோல் ஒட்டிய ஒரு மூடி உண்டு. அந்த மூடி மயிரிழை அளவு சரியாக உட்காராவிட்டாலும் காற்று கசியும், சுரம் இழுக்கும். எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க இந்தத் தொழிலில் ஒரு பழைய வழி இருக்கிறது. எல்லா மூடிகளையும் கார்க் துண்டு சொருகி இறுக்கிவிட்டு, அகன்ற வாயில் துணியைத் திணித்து, மேலே கழுத்துப் பக்கமாகப் புகையை ஊதுவது. கசிகிற இடத்தில் நூல் மாதிரி புகை எழும். ஊதுகிறவனால் அதைப் பார்க்க முடியாது, அவன் வாய் வாத்தியத்தில் இருக்கும். பார்க்க இன்னொரு ஆள் வேண்டும்.

அந்த இன்னொரு ஆள் அவர் மனைவி. கல்யாணமான புதிதில் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவள், அப்படியே எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மாஸ்டர் சிகரெட்டை இழுத்து ஊதுவார். அவள் மூடிகளுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, கண்ணை இடுக்கி, புகை வருகிற இடத்தில் வெள்ளை மெழுகுப் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு போடுவாள். தப்பியதே கிடையாது. பாண்டுக்காரர்கள் அவளை மாஸ்டரம்மா என்பார்கள்; மாஸ்டரை விட அம்மாவுக்குத்தான் கண் என்று அவர் முன்னாலேயே சொல்வார்கள். அவருக்கும் அதில் பெருமைதான். அந்தப் புகையெல்லாம் கடைசியில் யார் மூக்குக்குள் போகிறது என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. ஊதினவர் கல்லு மாதிரி இருந்தார். பார்த்தவளுக்கு நெஞ்சு கெட்டது.

"சிகரெட் பழக்கம் உண்டாம்மா?" என்று டாக்டர் கேட்டபோது அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "இல்லீங்க" என்றாள்.

"வீட்ல யாராவது?"

"வீட்ல யாரும் பிடிக்க மாட்டாங்க. வேலை செய்யற இடத்துல கொஞ்சம் புகை இருக்கும்."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாஸ்டரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் அவரை அறுத்தது. காட்டிக் கொடுத்திருந்தால்கூட ஒரு சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம்.

அன்றைக்கு விட்டார். சத்தியமாக விட்டார். கசிவு பார்க்க வாத்தியத்துக்குள் விடுகிற குட்டி விளக்கு ஒன்று வாங்கினார். பட்டறைக்குச் சுண்ணாம்பு அடித்தார், திரைச்சீலையைக் கழற்றி எறிந்தார், மேஜையைச் சோடா போட்டுத் தேய்த்தார். கீழே தையல்காரர் வருகிற போகிறவர்களிடமெல்லாம், "பொண்டாட்டிக்காக ஒரே நாள்ல விட்டுட்டாருய்யா, ஆம்பளைன்னா அவருதான்" என்று பரப்பிவிட்டார். மாஸ்டர் அந்தப் பாராட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையை லேசாக ஆட்டி வாங்கி வைத்துக்கொண்டார்.

ஒரு வருஷத்துக்கு மேல் வீட்டில் அடைபட்டுக் கிடந்தபின், போன வாரம் டாக்டர் அவளிடம், "புகை இல்லாத இடம்னா தாராளமா வேலைக்குப் போங்க" என்றார். சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டாள். ஸ்டூலுக்குப் பழைய சேலையில் ஒரு மெத்தை தைத்தாள். "என் பென்சிலை யாருக்கும் குடுத்துடலையே?" என்று நாலு தரம் கேட்டாள். மாஸ்டருக்கும் அவள் வந்தாக வேண்டியிருந்தது. ஹோட்டல் பாண்டுக்காரர் ஒருவருடைய சாக்ஸபோன் மேஜையில் வாரக்கணக்கில் கிடந்தது. கீழ்ச்சுரம் பிடிக்கவில்லை. விளக்கை விட்டு, காகிதத் துண்டைச் சொருகி, கடைசியில் மூடிகளை இறுக்கித் துணி திணித்து வெறும் காற்றை ஊதியும் பார்த்துவிட்டார். கசிவு அகப்படவில்லை. "நீ வந்துதான் பாக்கணும்" என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார்.

இந்த நிலையில்தான் சுங்கான்.

வாயில் வைக்கிற பக்கம் கறுப்பு, மற்றதெல்லாம் பளபளவென்று அலுமினியத் தண்டு. அதன் நுனியில் சின்னக் குழிவு, குழிவின் விளிம்பில் மரை. அதன்மேல் மரக்கிண்ணத்தைத் திருகிக்கொள்ள வேண்டியது. ஒன்று சூடேறினால் அதைக் கழற்றிவிட்டு அடுத்ததை மாட்டலாம். பெட்டியில் மூன்று கிண்ணம் இருந்தது. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று வயிறு பெருத்தது. மூலையில் ஒரு தகர டப்பாவில் புகையிலை. அதை எடுத்து வைக்க வாத்தியார் மறந்திருந்தார்.

மாஸ்டர் மரையைப் புதுப்பித்தார். அருமையான வேலை. மூன்று கிண்ணத்தையும் மாற்றி மாற்றித் திருகிப் பார்த்தார். சொல்லி வைத்தாற்போல் நின்றன. அதோடு பெட்டியை மூடியிருக்க வேண்டும்.

'குளிர்ந்திருக்கும்போது நிக்குது, சரி. சூட்டுல? அலுமினியம் விரியுமே. மரமும் அலுமினியமும் ஒரே மாதிரியா விரியும்?' என்று ஒரு சந்தேகம் வந்தது. தொழில் தெரிந்தவனுக்கு வருகிற நியாயமான சந்தேகம். அது நியாயமாக இருந்ததுதான் வினை. பட்டறையில் ஊதிப் பார்க்காமல் ஒரு சாமானும் வெளியே போனதில்லை என்பதும் அப்போது பார்த்து ஞாபகம் வந்தது. ஜன்னல் திறந்துதானே இருக்கிறது? அவள் நாளைக்குத்தானே வருகிறாள்? சுங்கான் புகையை உள்ளே இழுக்கக்கூட வேண்டியதில்லை, வாயோடு சரி. ஆகமொத்தம் இது புகை பிடிப்பதே இல்லை, சோதனை.

குட்டைக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை போட்டுப் பற்ற வைத்தார்.

முதல் வாய்ப் புகையிலேயே கண் சொருகியது. தண்டு லேசாகச் சுட்டது, பல்லுக்குக் கனமே தெரியவில்லை, புகை ஈரம் இல்லாமல் வந்தது. எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்தவுடனே வெட்கமும் வந்தது. வெட்கம் வந்ததற்காக நிறுத்தவில்லை, அதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். சூட்டோடு கழற்றிப் பார்த்தார், வந்தது. நெட்டையை மாட்டினார். ஒரு கிண்ணம் சரியாக இருந்தால் மற்றதும் சரி என்று எப்படிச் சொல்வது? நெட்டையும் முடிந்தது. மூன்றாவதை, வயிறு பெருத்ததை, சோதனைக்கு எவ்வளவு தேவையோ அதைப் போல மூன்று மடங்கு அடைத்துப் பற்ற வைத்தார். இதற்குள் பொய் அவருக்கே சலித்துப் போயிருந்தது. சும்மா குடித்துக்கொண்டிருந்தார்.

வாய் நிறையப் புகை இருக்கும்போது மரப்படி கிறீச்சிட்டது. கீழே தையல்காரர் குரல்: "அடடே, மாஸ்டரம்மா! நாளைக்குன்னு சொன்னாங்க?"

"மெத்தையை இன்னைக்கே போட்டுட்டுப் போயிடலாம்னு வந்தேண்ணே."

மாஸ்டர் துள்ளி எழுந்தார். கிண்ணத்தை வெடுக்கென்று திருகிக் கழற்றினார். அதற்குத்தானே அது கழலுகிற கிண்ணம்! தண்டை மேஜைமேல் போட்டார். அத்தனை குழாய்கள் நடுவே அதுவும் ஒரு குழாய், யாருக்குத் தெரியும். சுடச்சுடக் கிண்ணத்தை வேலை ஏப்ரனின் மார்புப் பையில் தள்ளினார். எல்லாம் சரி, வாயில் இருக்கிற புகையை என்ன செய்வது? ஜன்னல் வழியாக விட்டிருந்தால் விட்டிருக்கலாம். வேறு எந்த மனிதனும் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் மாஸ்டருடைய வாய்க்குப் பாதி ஆயுசாகப் பழகிய இடம் ஒன்றுதான். மூடிகளெல்லாம் இறுக்கி, அகன்ற வாயில் துணி திணித்து, தயாராகக் கிடந்த அந்தச் சாக்ஸபோனின் கழுத்தில் உதட்டை வைத்து அத்தனையையும் உள்ளே ஊதிவிட்டு, கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நின்றார்.

அவள் உள்ளே வந்தாள். கையில் மெத்தை. படி ஏறிய மூச்சிரைப்போடு சிரித்துக்கொண்டே வந்தவள், வாசலிலேயே நின்றாள். மூக்கு ஒரு தரம் சுருங்கியது. புதுச் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"வாத்தியார் பைப்பு..." என்று ஆரம்பித்தார் மாஸ்டர். "வேலைக்கு வந்துச்சு. சும்மா, சூட்டுல மரை நிக்குதான்னு..."

அவளுடைய பார்வை மேஜைக்குப் போயிருந்தது. சாக்ஸபோனின் நடுவில் ஒரு மூடிக்கு அடியிலிருந்து மெல்லிய நூலாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

மெத்தையை ஸ்டூல்மேல் வைத்தாள். கருவி டப்பாவிலிருந்து தன் பென்சிலை எடுத்தாள். குனிந்து அந்த மூடியின் ஓரத்தில் ஒரு கோடு போட்டாள்.

"ஊதுங்க" என்றாள்.

"வேணாம்மா."

"உள்ள இருக்கறது இருக்கே, அது வீணா போகணுமா? ஊதுங்க."

"ஐயோ, உனக்கு ஆகாதும்மா. நீ தள்ளி நில்லு, நான்..."

"ஊதுங்கன்னேன்ல."

குரல் உயரவே இல்லை. மாஸ்டர் ஊதினார். அவர் வாழ்நாளில் செய்த காரியங்களில் அதைவிடக் கேவலமானது எது என்று பின்னாளில் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. அவர் ஊத ஊத, அவள் பழையபடி முகத்தைக் கிட்டே கொண்டுபோய், கண்ணை இடுக்கி, கீழே ஒரு கோடு, விளக்கு வெளிச்சம் எட்டாத பின்பக்க மூடியில் இன்னொரு கோடு போட்டாள். நடுவில் இருமல் வந்தது. ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்துவிட்டு, மறுபடி குனிந்து பார்த்தாள். வேறு இடம் இல்லை.

நிமிர்ந்தாள். மாஸ்டரின் மார்பைப் பார்த்தாள். ஏப்ரன் பைக்குள்ளிருந்து நிதானமாக, வளைந்து வளைந்து, நீலமாக ஒரு புகை ஏறிக்கொண்டிருந்தது. துணி கருகுகிற வாடைகூட வந்துவிட்டது. சுட்டும் இருக்க வேண்டும், அவருக்கு உறைக்கவில்லை.

அவள் கிட்டே வந்து, பையின்மேல் வெள்ளையாக ஒரு கோடு போட்டாள். அழுத்தமாக, மற்ற மூன்றையும் விடக் கொஞ்சம் நீளமாகப் போட்டாள்.

பிறகு இருமல் பிடித்துக்கொண்டது. படி முகப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். மாஸ்டர் பதறிப்போய்க் கிண்ணத்தை எடுத்து வாளித் தண்ணீரில் எறிந்துவிட்டு, தம்ளரில் தண்ணீர் மொண்டுகொண்டு ஓடினார். அவள் வாங்கவில்லை. தம்ளர் முகத்துக்கு நேரே வந்ததும் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"கையைக் கழுவிட்டுக் கொண்டாங்க" என்றாள் இருமலுக்கு நடுவே.

பின்பக்கக் குழாயடிக்கு ஓடிப்போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். முகர்ந்து பார்த்தார், மறுபடி தேய்த்தார். அதற்குள் கீழே தையல்காரர் குரல் கேட்டது, "என்னம்மா, அதுக்குள்ள கிளம்பிட்டீங்க?" அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. மாஸ்டரைக் காட்டிக் கொடுத்திருக்க மாட்டாள், அது மட்டும் நிச்சயம். கூனிக் குறுகி அறைக்குள் திரும்பினார். ஸ்டூல்மேல் மெத்தை இல்லை.

வேறென்ன செய்வது? சாக்ஸபோனை எடுத்து வேலை பார்த்தார். கோடு போட்ட மூன்று மூடிகளையும் கழற்றி, தோலை மாற்றி, சூடு காட்டி உட்கார வைத்தார். வாரக்கணக்கில் அவருக்கு அகப்படாத கசிவு அவள் சொன்ன அதே இடங்களில்தான் இருந்தது. ஊதிப் பார்த்தார். கீழ்ச்சுரம் கணீரென்று வந்து அறையை நிறைத்தது. அழுகை வந்தது அவருக்கு.

பொழுது சாய்கிற நேரத்துக்கு வீட்டுக்குப் போனார். தையல்காரர் வழக்கம்போல் எழுந்து கும்பிட்டபோது தலையை ஆட்ட முடியவில்லை. வீட்டில் அவள் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்து, மருந்தை உள்ளிழுத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தாள். மெத்தை மடியில் இருந்தது. வாசல்படியைத் தாண்டி உள்ளே போக அவருக்கு யாராவது உத்தரவு கொடுக்கவேண்டும்போல இருந்தது.

"சாக்ஸபோன் பேசுதா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"பேசுது" என்றார். ஏதோ நல்ல சேதி கொண்டுவந்துவிட்டவர் போலக் குரல் ஆசையாகத் துள்ளியது. "நல்லா பேசுது. மூணு இடத்தையும் அடைச்சுட்டேன்."

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"நான் நாலு குறி போட்டேன்" என்றாள்.