பீர் ஃப்ரிட்ஜோடு பூட்டிய கணினி

யாரங்கில் ஊரின், புல்தரையில் பந்து உருட்டி ஆடும் கிளப்பில் கணினி திருட்டுப் போனபோது, செயலாளர் நெவிலிடம் தலைவி பெரில் சொன்னது ஒன்றுதான்: "அடுத்ததும் போச்சுன்னா, நீயும் கூடவே போயிடு."

பத்தொன்பது வருஷப் பதவி. வீட்டில்கூட நெவிலுக்கு அத்தனை மரியாதை கிடையாது. ஆகவே புதுக் கணினிக்குப் பூட்டுத் தேட மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். எண் பூட்டை வேண்டாமென்று தள்ளினார். கிளப் கோப்பை வென்றது ஒரே ஒரு வருஷம், அந்த எண்ணைத்தான் எல்லோரும் முதலில் அழுத்துவார்கள். மேசையில் ஒட்டிவைக்கும் பசைத் தகட்டையும் தள்ளினார். அந்த ஊருக்கு ஜனவரிதான் நடுக்கோடை; அந்த வெயிலில் தபால்தலையே கடிதத்தை விட்டு நடந்து போயிருக்கிறது. கடைசியில் விரல் தடிமனில் எஃகுக் கம்பி, ஒரே சாவி.

எதோடு பூட்டுவது? மேசைக்குச் சொந்தக் கால் மூன்றுதான். சுவரோ யாராவது தும்மினால் ஆடும்.

"பீர் ஃப்ரிட்ஜோட பூட்டுய்யா," என்றார் கிழவர் கிளாரி. "தூக்க ஆறு ஆள் வேணும். ஊரே கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாத்துக்கிற சாமான் அது ஒண்ணுதான்."

கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்தது. சாவி யாருக்கும் தரப்படாது என்றும் நெவில் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பக்கத்து டவுனில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினார். கணினி இல்லை. ஃப்ரிட்ஜும் இல்லை. தரையில் சதுரமாக ஈரம் மட்டும்.

வீங்கிய கன்னத்தோடு ராஜினாமாவை எழுதி எடுத்துக்கொண்டு பெரிலைத் தேடிப் போனார். கிளப் உறுப்பினர் மியூரியலின் வீட்டில், மியூரியலின் புருஷனைப் புதைத்துவிட்டு வந்தவர்களோடு பெரில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். கொட்டகையில் கிளப் ஃப்ரிட்ஜ். அதன் தலையில், மலர் வளையத்துக்குப் பக்கத்தில், கணினி.

"கல்யாணம்னாலும் எழவுன்னாலும் ஃப்ரிட்ஜ் கொடுக்கிறது நம்ம வழக்கந்தானே," என்றார் கிளாரி. "கம்பிய அறுத்துப் பாத்தோம். மூணு ரம்பம் பல்லு போச்சு. நல்ல பூட்டுய்யா!"

"எனக்கும் ஒரு பல்லு போச்சு! சாவிய என்கிட்ட கேக்கக் கூடாதா?"

"யாருக்கும் தரமாட்டேன்னு நீதானே எழுதி வச்சிருக்க?"

பெரில் கடிதத்தைப் படித்துவிட்டு அதன்மேல் டீக் கோப்பையை வைத்தார். "கணினி எங்கய்யா போச்சு? கண்ணு முன்னால இருக்கு. பூட்டு பாஸு."

அங்கேயே ஒரு தீர்மானம் போட்டார்கள்: இனி ஃப்ரிட்ஜை இரவல் வாங்குகிறவர்கள் கணினியையும் செயலாளரையும் சேர்த்தே வாங்க வேண்டும். மியூரியல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழிமொழிந்தாள்.

அந்த வருஷம் யாரங்கிலில் ஒன்பது கல்யாணம். ஒன்பது கல்யாணப் படத்திலும், மணமக்களுக்குப் பின்னால், மடியில் கீபோர்டோடு நெவில் உட்கார்ந்திருக்கிறார். பதவி அசையவே இல்லை.